மோட்டார் சைக்கிளை வெறுத்தவர் செய்த ஸ்கூட்டர்

காலையில் வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் போகிற வழியில் எனக்குப் பயமான இடம் ஒன்று இருக்கிறது. சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் பயம் வேறு இடங்களில் இருந்தது. இப்போது அது காலிமுகத்திடல். கொள்ளுப்பிட்டி வரைக்கும் பஸ்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவில் ஊர்ந்துவந்த ஸ்கூட்டர், கடலைக் கண்டதும் ஓடத் தொடங்கும். அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து அந்த நேர் வீதியில் ஓடிவிட்டு, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை நெருங்கியதும் சட்டென்று மூடுவோம். யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் பிஸ்டன் இறுகுவது பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில்தான். பின் சில்லு ஒரே கணத்தில் பூட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும்.

அதனால் அந்த வீதியில் என் இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளச்சில் இருக்கும். நான் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக வேலை செய்கிறேன். என்னுடைய 1960களின் வெஸ்பா 150ஐப் பார்க்கும் இளம் சட்டத்தரணிகள், இந்தக் கிழட்டு வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பார்கள். அப்பாவின் வண்டி என்று சொல்லி விட்டுவிடுவேன். அந்தக் கிளச்சை அந்த இடத்தில் வைத்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. வழக்கு கூப்பிடும் நேரத்தில் யாருக்கும் கதை கேட்கப் பொழுதில்லை.

அவர் பெயர் கொராடினோ டஸ்கானியோ. இத்தாலியின் அப்ருசோ மாகாணத்தில், மலைகளுக்கு நடுவில் இருக்கும் பொப்பொலி என்ற சிற்றூரில் 1891 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்தார். அதே 1891இல்தான் இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் ஒரு புதுவகை எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டார். என் வெஸ்பாவுக்குள் இன்றைக்கும் இருப்பது அந்த எஞ்சினின் பேரப்பிள்ளை.

டேயின் யோசனை எளிமையானது. பிஸ்டனுக்கு மேலே வெடிப்பு நடக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே சும்மா கிடக்கும் அறையை ஏன் ஒரு பம்பாகப் பயன்படுத்தக்கூடாது? காற்றும் பெற்றோலும் முதலில் கீழறைக்கு வந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுக்கப்பட்டு, பக்கவாட்டு வழியால் மேலே போகும். உதிரிப்பாகம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சாதாரண மோட்டார் சைக்கிளில் கீழறையில்தான் ஒயில் தேங்கி நிற்கும். டேயின் எஞ்சினில் கீழறை பம்பாகிவிட்டதால் அங்கே ஒயில் நிற்க இடமில்லை. எனவே ஒயில் பெற்றோலோடு கலந்து வரவேண்டும். பெற்றோல் வந்தால் ஒயில் வரும். பெற்றோல் நின்றால் ஒயிலும் நின்றுவிடும்.

காலிமுகத்திடல் பயம் இதுதான். வேகமாக ஓடும்போது அக்சிலேற்றரை மூடினால், சில்லு எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும். ஒயில் மட்டும் வராது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி ஓரிரு தாள்களின் தடிப்புத்தான். அது அடைபட்டால் எல்லாம் நின்றுவிடும். கராஜ்காரர்கள் இதை எஞ்சின் சீஸ் என்பார்கள். அப்பா பிஸ்டன் இறுகிவிட்டது என்பார்.

டஸ்கானியோவுக்குச் சிறுவயதில் எஞ்சின்மேல் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. பறப்பதில்தான் ஆசை. பதினைந்து வயதில் எஞ்சின் இல்லாத ஒரு பறக்கும் பொறியைத் தானே கட்டி ஊர் மலைச்சரிவில் பறக்கவிட்டுப் பார்த்தார். 1914இல் டூரின் நகரில் பொறியியல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இத்தாலி முதலாம் உலகப் போருக்குள் இறங்கியது. அவர் விமானப்படைப் பிரிவுக்குப் போனார். அந்தக் காலத்து ரோட்டரி விமான எஞ்சின்களோடு வேலை. அவற்றிலும் ஒயில் சுற்றிவராது, எரிந்து போய்விடும். ஊற்றியது ஆமணக்கெண்ணெய். நம்மூர்ப் பாட்டிமார் வயிறு கழிய வைக்கக் கொடுத்த அதே எண்ணெய்.

போருக்குப் பிறகு சிறிது காலம் அமெரிக்காவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். பியெத்ரோ த்ரொயானி என்ற செல்வந்தரின் பணத்தில் ஹெலிகொப்டர் கட்டத் தொடங்கினார். முதல் இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவது, 1930 ஒக்ரோபரில் ரோமுக்கு அருகிலுள்ள சியாம்பினோ விமானத் தளத்தில் எழும்பியது. 18 மீற்றர் உயரம், 1,078 மீற்றர் தூரம், 8 நிமிடம் 45 செக்கன். இன்று ஒரு பட்டம் இதைவிட உயரப் போகும். அன்று அவை உலக சாதனைகள். ஆனால் வாங்க ஆள் இல்லை. பணம் முடிந்தது. 1932இல் கம்பனியை மூடிவிட்டு, பியாஜியோ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்தது விமானங்களுக்கான புரொபெல்லர். பறக்கும்போதே இதழின் கோணத்தை மாற்றக்கூடிய வகை. இந்த இடத்தை வெஸ்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். பங்கருக்குள் படுத்திருந்து பொம்மர் சத்தத்தைக் கேட்ட எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. முசோலினியின் இத்தாலிக்கு பியாஜியோ போர் விமானங்கள் கட்டியது. பி.108 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அந்த நிறுவனத்தினுடையது. முசோலினியின் மகன் புரூனோ 1941இல் பீசாவுக்கு அருகில் இறந்ததும் அந்த வகை விமானம் ஒன்றில்தான். டஸ்கானியோ குண்டு போடவில்லை. ஆனால் குண்டு போடப் போன நாட்டின் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கினார். அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்லப் புதுக்கடையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மட்டும் அது பொய்யாகிவிடும்.

பிறகு குண்டு திரும்பி வந்தது. 1944இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் பொப்பொலியில் குண்டு வீசின. அவருடைய சொந்த ஊர்ச் சனங்கள் செத்தார்கள். பொந்தெதேராவில் இருந்த பியாஜியோ தொழிற்சாலை, மேலேயிருந்து விழுந்த குண்டுகளாலும் பின்வாங்கிய ஜேர்மன் படையின் அழிப்பாலும் இடிபாடாகியது. நிறுவனத்தை நடத்திய என்ரிக்கோ பியாஜியோவே 1943இல் புளோரன்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் சுடப்பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்திருந்தார். போர் முடிந்தபோது அவரிடம் ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் இருந்தார்கள், வேலை இல்லை. விமானம் செய்ய வழியில்லை. பாலங்கள் உடைந்து, வீதிகள் கிடங்காகி, பஸ் இல்லாத நாடு. கார் வாங்க யாரிடமும் காசில்லை.

தோற்றுப்போன நாட்டில் சனங்கள் வேலைக்கு எப்படிப் போவார்கள் என்பதுதான் என்ரிக்கோவின் கேள்வி. அவருடைய ஆட்கள் முதலில் ஒரு சிறிய ஸ்கூட்டர் செய்தார்கள். டொனால்ட் டக்கின் இத்தாலியப் பெயரால் அதைப் பப்பெரினோ என்று அழைத்தார்கள். என்ரிக்கோவுக்குப் பிடிக்கவில்லை. டஸ்கானியோவைக் கூப்பிட்டார்.

டஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே ஆகாது. செயின் உடுப்பில் கறை பிடிக்கும், ரயரில் காற்றுப் போனால் கழற்றுவது பெரும்பாடு, காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டும். இவை அவருடைய முறைப்பாடுகள். அந்த முறைப்பாடுகள்தான் வெஸ்பாவாகின. வரைஞர் மாரியோ டெஸ்தேயுடன் உட்கார்ந்து, செயினை நீக்கி எஞ்சினைப் பின்சில்லோடு சேர்த்தார். விமானத்தின் தரையிறங்கு சில்லைப் போல முன்சில்லை ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்க வைத்தார். குழாய்ச் சட்டத்துக்குப் பதில் விமான உடலைப் போலத் தகட்டையே எலும்பாக்கினார். சட்டையோடும் பாவாடையோடும் ஏறி உட்காரலாம். கியரைக் காலிலிருந்து கைக்குக் கொண்டுவந்தார். கிளச்சையும் கியரையும் ஒரே இடது கைப்பிடியில் வைத்தார்.

1946 ஏப்ரல் 23ஆம் திகதி புளோரன்சில் காப்புரிமை பதியப்பட்டது. முதல் வண்டி 98 சிசி. அந்த ஆண்டு 2,484 வண்டிகள் விற்றன. 1956இல் பத்து இலட்சமாவது வண்டி வெளியே வந்தது. 1960களில் இந்தியாவில் பஜாஜ் அனுமதி பெற்று வெஸ்பா 150ஐத் தயாரித்தது.

அவர் எஞ்சினைத் தகட்டுப் பெட்டிக்குள் ஒளித்ததால் அதற்கு எதிர்க்காற்று கிடையாது. அதற்காக ஃப்ளைவீலிலேயே விசிறி இதழ்கள் இருக்கின்றன. அந்தக் காற்றை ஒரு மூடி வழிநடத்திச் சிலிண்டரின் செதில்கள்மேல் அடிக்கும். வெயில் காலத்தில் கூடுதல் காற்று வரட்டும் என்று சிலர் அந்த மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். எஞ்சினைக் கொல்வதற்கு அது நல்ல வழி. மூடி இல்லாவிட்டால் விசிறிக் காற்று வெளியே சிதறிப்போகும், சிலிண்டர் வேகும்.

இனி எங்கள் வண்டியின் கதை. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் காட்டக்கூட இல்லை. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். வலிகாமத்தில் அந்தப் புகை மணம் தெரியாத ஆள் இல்லை. மண்ணெண்ணெய், நேரம் வருமுன்னே தானாக வெடித்து எஞ்சினைத் தட்ட வைக்கும், சூட்டைக் கூட்டும். சிலிண்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தையும் கழுவிவிடும். டூ ஸ்ட்ரோக் ஒயிலும் கிடையாது. அப்பா பழைய எஞ்சின் ஒயிலைத் துணியில் வடித்து, தங்கச்சியின் சூப்பிப் போத்தலில் அளந்து ஊற்றுவார். போத்தலில் மில்லிலீற்றர் கோடு இருந்ததுதான் காரணம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. எனக்குப் பதினைந்து வயது. முழு வலிகாமமும் வீதியில் நின்றது, மழை வேறு. அம்மம்மாவை ஸ்கூட்டரில் இருத்தி, முன்னால் அரிசி மூட்டையை வைத்து, அப்பா முதலாம் கியரில் மணிக்கணக்காக உருட்டினார். செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது எஞ்சின் ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. சில்லு நின்றது. அப்பா கிளச்சை அமத்தியபடி நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் வந்த சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் அவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்கவில்லை. சூட்டில் உதைத்தால் மிச்சமிருப்பதும் கிழியும் என்பது அவருக்குத் தெரியும். ஆறுமட்டும் காத்திருக்கவும் நேரமில்லை. அம்மம்மாவை இருத்தியபடியே தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். 1996இல் திரும்பி வரும்போதும் தள்ளிக்கொண்டுதான் வந்தோம்.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் அது ஒரு லொறியில் கொழும்புக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் சிலிண்டரைத் திறந்தபோது, பிஸ்டனின் பக்கம் முழுக்க நகம் பிறாண்டியது போலக் கோடுகள். சிலிண்டரைப் போர் பண்ணி, பஞ்சிகாவத்தையில் ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி வாங்கினேன். அந்தக் கராஜ் பாஸ் சிங்களவர். தன் வண்டியைப் போலப் பார்த்தார். முதல் ஆயிரம் கிலோமீற்றர் முழு வேகம் கூடாது, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடவும் கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே கேட்டேன்.

அவரிடமும் அப்பாவிடமும் கற்றதை எழுதிவைக்கிறேன். யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது ஒரு பழைய வண்டி கிடக்கலாம். என் வண்டிக்கு ஒயில் 2 வீதம், அதாவது லீற்றருக்கு 20 மில்லி. 1950களின் முற்பகுதி வண்டிகளுக்கு 5 வீதம் வேண்டும். எது என்று பார்க்காமல் ஊற்றக்கூடாது. பயத்தில் கூட ஊற்றுவதும் பிழை. ஒயில் கூடினால் அதே ஜெட் துளையால் வரும் பெற்றோல் குறையும், எஞ்சின் இன்னும் சூடாகும். பிளக்கும் கரி பிடிக்கும். தனிக் கானில் கலந்து குலுக்கிவிட்டுத்தான் டாங்கில் விட வேண்டும். ஒயிலை மட்டும் மேலே ஊற்றினால் அது அடியில் போய் இருந்துகொள்ளும்.

ஒயில் சரியாக இருந்தும் இறுகுகிறதென்றால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். காபரேட்டர் காஸ்கட், கிராங்க் சீல், சிலிண்டர் அடி, எங்காவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் கலவை வரண்டு போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கோப்பி நிறம் என்றால் நிம்மதி. வெள்ளையாக வெளிறியிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. ஜெட்டில் தூசி, டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, டாங்கில் பெற்றோல் தீரும் தறுவாய், எல்லாம் அதே வேலையைத்தான் செய்யும்.

ஓட்டும்போது, இறக்கத்திலும் நீண்ட வீதியிலும் அக்சிலேற்றரை மூடிக்கொண்டு கியரில் இறங்கக்கூடாது. கிளச்சை அமத்திவிட்டு இறங்கலாம், அல்லது இடைக்கிடை சிறிது திறந்து எஞ்சினுக்கு ஒயில் குடிக்கக் கொடுக்கலாம். இறுகுவதற்கு முன்னால் எஞ்சின் ஏதாவது சொல்லும். இழுவை திடீரென்று குறையும், தகரத்தில் கல் உருளுவது போலச் சத்தம் வரும். அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது, கிளச்சை அமத்த வேண்டும். பிரேக் பிறகு. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடமாவது ஆறவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த அம்மா ஒருவர் நீதிமன்ற வாசலில் காத்திருந்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மகன் உள்ளே. அவருடைய சத்தியக்கடதாசி என் பையில். முதல் நாள் காபரேட்டர் காஸ்கட்டை நானே மாற்றினேன், ஒரு நட்டைச் சரியாக இறுக்கவில்லை. காலிமுகத்திடலில் இழுவை விட்டது. விரல்கள் கிளச்சில் இருந்தன. சில்லு பூட்டவில்லை, வண்டி சும்மா உருண்டு கரைக்கு வந்தது. நட்டை இறுக்கி, ஆறவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இருபது நிமிடமும் அந்த அம்மாவின் முகம்தான் மனதில் நின்றது. முச்சக்கர வண்டி பிடித்திருக்கலாமே என்று பிறகு திட்டு வாங்கினேன், நியாயம்தான். எப்படியோ வழக்கு கூப்பிடுமுன் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு வழக்கு எடுக்கப்படவில்லை. இன்னொரு தவணை போட்டார்கள். அந்த அம்மா அன்றிரவே திரும்பிப் போனார்.

கியரும் கிளச்சும் ஒரே கையில் இருப்பதால் கை அங்கிருந்து விலகுவதில்லை. இதற்காகத்தான் டஸ்கானியோ அப்படி வைத்தார் என்று சொல்லமாட்டேன். அவர் நினைத்தது வசதியை.

உண்மையில் வெஸ்பா அவருக்கு ஒரு இடைவேலை. மனது ஹெலிகொப்டரிலேயே இருந்தது. போருக்குப் பின்னும் பியாஜியோவில் அதைத் தொடர்ந்தார், நிறுவனம் 1950களில் கைவிட்டது. அதற்குள் அமெரிக்காவில் சிக்கோர்ஸ்கி வென்றுவிட்டார். 1960களில் அகுஸ்தா நிறுவனத்துக்காக ஒரு சிறிய ஹெலிகொப்டரை வரைந்தார், அதுவும் தொடரவில்லை. உலகம் தன்னை ஸ்கூட்டரால் மட்டும் அறிந்திருப்பது அவருக்குக் கசப்பாக இருந்தது என்று எழுதுகிறார்கள். வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் முழுதாக வரவில்லை. ஹெலி வந்தால் எந்த மரத்துக்குக் கீழே ஓடுவது என்று கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 1981 ஓகஸ்ட்டில் பீசாவில் தொண்ணூறு வயதில் இறந்தார்.

2022இல் கியூஆர் குறியீட்டுக்கு மோட்டார் சைக்கிளுக்கென வாரம் 4 லீற்றர் கொடுத்தபோது, செட்டில் வரிசையில் நின்றவர்கள் என் கையிலிருந்த சூப்பிப் போத்தலைப் பார்த்துச் சிரித்தார்கள். பழைய கோடுகள் பாதி அழிந்துவிட்டன. 80 மில்லிக் கோட்டை மட்டும் நான் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்.